கையைக் கடிக்காத டியூப் ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கண்ணாடி டியூப்களால் (வால்வுகளால்) பெருக்கித் தரும் பெட்டிதான் டியூப் ஆம்ப். நான் முதன்முதலில் வாங்கியது 50 வாட். ஒருவர் வைத்திருந்த பழையது, நல்ல நிலையில் இருந்தது, விலையும் படிந்தது, பெரியதாகவே வாங்கிவிட்டால் பின்னால் மாற்றவேண்டி வராதே என்று எடுத்துவிட்டேன். நான்கு வருஷம் என்னிடம் இருந்தது. அந்த நான்கு வருஷத்தில் வீட்டில் அதன் வால்யூம் இரண்டைத் தாண்டியதே இல்லை. தாண்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், பக்கத்து அறையில் யாரும் பேச முடியாது. அப்புறம் ஒருநாள் நண்பரிடம் இருந்த 5 வாட் ஆம்பில் வாசித்துப் பார்த்தேன். சின்னப் பெட்டி, மூன்றே குமிழ்கள். வால்யூமை ஏழில் வைத்து ஒரு ஈ கார்டு அடித்ததும் ஒலி முதலில் கொஞ்சம் அமுங்கி, பிறகு மெல்ல விரிந்து, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தது. டியூப் டியூப் என்று எல்லோரும் சொன்னது இதைத்தானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: காசுக்கு எத்தனை வாட் கிடைக்கிறது என்று பார்க்காதீர்கள், நீங்கள் வாசிக்கும் இடத்தில் அந்த ஆம்பை எவ்வளவு தூரம் திறந்துவிட, அதாவது வால்யூமை எவ்வளவு உயர்த்த முடியும் என்று பாருங்கள். மிச்சமாகும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டியூப் எங்கே வேலை செய்கிறது

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. ப்ரீஆம்ப் பகுதியில் இருக்கும் விரல் அளவு டியூப்கள் அதைப் பெருக்குகின்றன. பெரும்பாலும் அவை 12ஏஎக்ஸ்7 ரகம், இங்கிலாந்து, ஐரோப்பியப் பெட்டிகளில் அதையே ஈசிசி83 என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அங்கிருந்து சிக்னல் பவர் டியூப்களுக்குப் போகிறது. ஸ்பீக்கரை ஆட்டும் வலு கிடைப்பது அங்கே. பவர் டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கனமான இரும்புக் கட்டி ஒன்று உண்டு, டியூப் ஆம்பைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டு பகுதிகளும் ஒலியைச் சிதைக்கும் விதம் வேறு வேறு. ப்ரீஆம்ப் டியூபில் வரும் டிஸ்டார்ஷன் (சிதைந்த ஒலி) கூர்மையாக, கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். ப்ரீஆம்பின் பெருக்கமான கெயினைக் கூட்டி, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் அது கிடைத்துவிடும். பவர் டியூப் திணறும்போது வருவது தடிப்பாகவும் உருண்டையாகவும் இருக்கும், மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் உறுமலாகவும் வரும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் தானாகத் தெளியும். ஆனால் இந்த இரண்டாவது வகை, ஆம்ப் தன் முழு வலுவை நெருங்கும்போதுதான் வரும். 50 வாட் ஆம்பை வீட்டில் வைத்துக்கொண்டு அதை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

வாட் கணக்கு

50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்பைவிடப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. வலு பத்து மடங்கானால் சத்தத்தின் அளவு 10 டெசிபெல் கூடுகிறது, நம் காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். வலு இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல் மட்டும், அதாவது 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் கொஞ்சம்தான். திருப்பிப் பார்த்தாலும் இதே கணக்குதான்: 50 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினாலும் சத்தம் பாதிதான் குறையும். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபெல் அளவுக்கு வரும். மூடிய அறைக்கு அதுவே அதிகம். முழுதாகத் திறந்த 5 வாட் ஆம்ப் முன் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தால் காது குய்யென்று கேட்கும், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு வேண்டும்? தனியாக வீட்டில், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கும் வீட்டில் வாசிப்பவருக்கு 1 முதல் 5 வாட், கூடவே வலுவைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் மிக நல்லது. புகேரா வி5 என்ற ஆம்பில் 5, 1, 0.1 வாட் என்று மூன்று நிலைகள் உண்டு. மார்ஷலின் டிஎஸ்எல்1 1 வாட்டில் இருந்து 0.1 வாட்டுக்கு இறங்கும். 0.1 வாட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும், மேலே சொன்ன கணக்குப்படி அது பக்கத்தில் இருப்பவர் பேசுவதைவிடச் சத்தமானது. டிரம்மருடன் ஒத்திகை பார்ப்பவருக்கு 15 முதல் 20 வாட் போதும், ஆம்ப் கொஞ்சம் உறுமினால் பரவாயில்லை என்றால். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், வாக்ஸ் ஏசி15 இரண்டும் இந்த அளவுதான், இரண்டும் எத்தனையோ மேடைகளைப் பார்த்தவை. டிரம்ஸுக்கு மேல் துளிக்கூட உடையாத சுத்தமான ஒலி வேண்டும் என்பவருக்கு மட்டும்தான் 30, 40 வாட் தேவை. அவரிடமும் ஒன்று சொல்வேன்: முழுக்க முழுக்கச் சுத்தமான ஒலிதான் வேண்டுமென்றால் டியூபே அவசியமில்லை. 1975-இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்ப்தான், சுத்தமான ஒலிக்கு இன்றைக்கும் அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

கனமான மெட்டல் வாசிப்பவரும் இதேபோல யோசிக்கவேண்டும். அந்த இறுக்கமான ஒலி பெரும்பாலும் ப்ரீஆம்பிலிருந்தும் பெடலிலிருந்தும் (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே காலால் இயக்கும் சின்னக் கருவி) வருவது, பவர் டியூப் திணறினால் அது குழைந்துபோகும். பட்ஜெட் குறைவாக இருந்து மெட்டல் மட்டுமே வாசிப்பதாக இருந்தால் அந்தக் காசுக்கு டியூபைவிட நல்ல டிஜிட்டல் மாடலிங் ஆம்ப், அதாவது மற்ற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் ஆம்ப் கிடைக்கும். டியூப் இல்லாததால் அது மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எந்தப் பவர் டியூப்

இதில் நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும். ஈஎல்84 ஒல்லியானது, மேல் சுரங்கள் மணி மாதிரி பளபளக்கும், ஒலி சீக்கிரம் உடைந்து டிஸ்டார்ஷனாகும். வாக்ஸ் ஒலி என்று சொல்வது இதைத்தான். 6வி6 கொஞ்சம் மென்மை, பழைய சின்ன ஃபெண்டர் ஆம்ப்களின் இனிப்பு. ஈஎல்34 நடு அலைவரிசையை முன்னே தள்ளும், மார்ஷல் ராக் ஒலி. 6எல்6 பெரிய ஃபெண்டர்களின் அகலமான சுத்த ஒலி. ஆனால் டியூபை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ப்ளூஸ் ஜூனியரில் இருப்பதும் ஈஎல்84தான், ஆனாலும் அது வாக்ஸ் மாதிரி ஒலிக்காது. சர்க்யூட், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்துதான் குரல். 1962-இல் மார்ஷல் செய்த முதல் ஆம்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான், டியூபும் ஸ்பீக்கரும் உதிரி பாகங்களும் மாறியதில் ஒலி வேறு பக்கம் போய்விட்டது.

குறைந்த பட்ஜெட்காரருக்கு ஒலியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை பவர் டியூப், அதை மாற்ற என்ன ஆகும்? 5 வாட் ஆம்ப்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பவர் டியூப்தான். தேய்ந்தால் ஒன்று வாங்கினால் போதும். இரண்டு இருக்கும் ஆம்புக்கு ஜோடி பொருத்திய இரண்டு, சிலவற்றில் நான்கு. பவர் டியூப் எவ்வளவு மின்சாரம் இழுக்கவேண்டும் என்று அமைக்கும் பையஸ் என்று ஒரு சரிக்கட்டலும் உண்டு. கேத்தோடு பையஸ் உள்ள ஆம்பில் அது தானாக நடந்துவிடும், மற்றவற்றில் டியூப் மாற்றும்போது தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்கவேண்டும். வாங்கும்முன் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெயரில் மட்டும் டியூப்

முன்பக்கம் சின்ன ஜன்னல் வைத்து உள்ளே ஒரு டியூப் ஆரஞ்சாக ஒளிர்வதைக் காட்டும் ஆம்ப்கள் நிறைய வருகின்றன. அவற்றில் பல ஹைப்ரிட், ப்ரீஆம்பில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டர். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் இந்த வகைதான், அதை அந்த நிறுவனம் மறைக்கவும் இல்லை, கையில் எடுத்துப்போகும் அளவில் நல்ல ஒலி தரும் கருவி. ஆனால் பவர் டியூபின் அந்தத் தொடு உணர்வை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். விவரப் பட்டியலில் பவர் டியூபின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 12ஏஎக்ஸ்7 மட்டும் இருந்து 20 வாட் என்று போட்டிருந்தால் அது ஹைப்ரிட் என்று முடிவு செய்துகொள்ளலாம். மிகச் சிறிய 1 வாட், 5 வாட் ஆம்ப்கள் சிலவற்றில் வழக்கமான பவர் டியூபுக்குப் பதிலாக ஈசிசி82 அல்லது 12பிஎச்7 போன்ற சின்ன டியூபே அந்த வேலையைச் செய்யும். அவை முழு டியூப் ஆம்ப்கள்தான்.

ஸ்பீக்கர்

இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். விலை குறைந்த சின்ன ஆம்ப்களில் 6, 8 அங்குல ஸ்பீக்கர் இருக்கும், பெட்டியும் சிறியது. ஒலி டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி வரும், அதைக் கேட்டுவிட்டு ஆம்ப் சரியில்லை என்று விற்றுவிடுவார்கள். அதே ஆம்பை 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினட்டில் செருகிக் கேளுங்கள், இது அதே ஆம்பா என்று கேட்பீர்கள். அதனால் சின்ன ஆம்ப் வாங்கும்போது பின்பக்கம் வெளி ஸ்பீக்கருக்கான ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். என் யோசனை, ஸ்பீக்கர் இல்லாத சின்ன ஹெட் ஒன்று, பழைய 12 அங்குல கேபினட் ஒன்று. நாளைக்கு ஆம்பை மாற்றினாலும் கேபினட் உங்களோடு இருக்கும்.

ஸ்பீக்கரில் சென்சிட்டிவிட்டி என்று டெசிபெலில் ஓர் எண் இருக்கும். 97 உள்ளதை எடுத்துவிட்டு 100 உள்ளதை மாட்டினால் ஆம்பின் வலுவை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், ஒரு வாட் கூடச் செலவு இல்லாமல். 15 வாட் ஆம்ப் பேண்டில் எடுபடவில்லை என்றால் முதலில் செய்யவேண்டியது இதுதான். வீட்டில் சத்தம் அதிகம் என்றால் நேர்மாறாக, எண் குறைந்த ஸ்பீக்கரை மாட்டலாம்.

ஸ்பீக்கரின் மின்தடையைக் காட்டும் ஓம் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பின் பின்னால் 4, 8, 16 என்று எழுதியிருக்கும் ஜாக்கில் அதே எண் உள்ள கேபினட்டைத்தான் செருகவேண்டும். 16 ஓம் கேபினட் இரண்டைப் பேரலலாக மாட்டினால் 8 ஓம். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கவேண்டும், கிட்டார் கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது. ஸ்பீக்கரே இல்லாமல் டியூப் ஆம்பை ஒருபோதும் இயக்கக்கூடாது. போகவேண்டிய வலு போக இடமில்லாமல் திரும்பி வந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிடும், அந்த ஆம்பிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று அது.

வேண்டியதும் வேண்டாததும்

ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டும் ஜாக்குகளான எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால், எதிரொலி மாதிரி ஒலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல்களை ப்ரீஆம்புக்குப் பிறகு மாட்டலாம், ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனை நம்புபவருக்கு அது தேவை, சுத்த ஒலிக்கு முன் பெடல் வைத்து வாசிப்பவருக்குத் தேவையே இல்லை. ஸ்பிரிங் ரிவெர்ப் இருந்தால் சந்தோஷம், இல்லையென்றால் பெடல் போதும். மாஸ்டர் வால்யூம் வீட்டுக்கு உதவும். ஹெட்ஃபோன் ஜாக், ரெக்கார்டிங் அவுட் இரண்டும் இரவில் வாசிப்பவருக்கு மட்டும், அதையும் கேட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஹெட்ஃபோனைச் செருகினாலும் ஸ்பீக்கரைக் கழற்றலாமா கூடாதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சேனல், பத்து பட்டன் என்பதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். ஒரே விலையில் இரண்டு ஆம்ப் இருந்து ஒன்றில் வசதிகள் அதிகம் என்றால், மற்றதில் அந்தக் காசு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய ஆம்ப் பார்க்கப் போகும்போது

குறைந்த காசில் நல்ல டியூப் ஆம்ப் வேண்டுமென்றால் ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதுதான் சிறந்த வழி, நான் இப்போது வைத்திருப்பதும் அப்படி வந்ததுதான். உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், ஒரு டார்ச் லைட், இந்த மூன்றையும் எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்கவேண்டாம்.

ஆம்பை இயக்கும்முன் பின்பக்கம் பாருங்கள். எந்த மின்னழுத்தத்துக்குச் செய்தது, 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று தகட்டில் இருக்கும். உங்கள் ஊர் மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுமக்கவேண்டி வரும். மின் கேபிளில் எர்த் பின் இருக்கிறதா? மிகப் பழைய இரண்டு பின் ஆம்ப்களை மூன்று பின்னுக்கு மாற்றாமல் தொடவே கூடாது. பிறகு ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கப் போன இடத்தில் ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளித் தாள் சுருட்டி வைத்திருந்தது, பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்; அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும். எழுதியிருப்பதைவிட அதிக ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

டியூபின் கண்ணாடிக்குள் மேல்பக்கம் வெள்ளி முலாம் மாதிரி ஒரு திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, டியூப் செத்துவிட்டது. ஆம்பை இயக்கியபின் உள்ளே ஆரஞ்சாக ஒரு இழை ஒளிர்வது சரி, கண்ணாடியில் நீலமாக மினுங்குவதும் பெரும்பாலும் சரியே. ஆனால் வெளியே தெரியும் சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால் உடனே அணைத்துவிடுங்கள், டியூப் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலான ஆம்ப் என்றால், உள்ளே ஓடும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஆயுள் முடிந்திருக்கலாம், அவற்றை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இப்போது வாசியுங்கள். பெடல் எதுவும் வேண்டாம், கிட்டாரிலிருந்து நேராக ஆம்ப். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். கரகர என்றால் தூசி, அது சின்ன வேலை. கிட்டாரைக் கழற்றிவிட்டு இரைச்சலைக் கேளுங்கள், கொஞ்சம் உஸ் சத்தம் எல்லா டியூப் ஆம்பிலும் உண்டு, பலத்த ஹம் இருக்கக்கூடாது. ப்ரீஆம்ப் டியூபைப் பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று பெரிதாக மணி அடிக்கிறதா? டியூப் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது மைக் மாதிரி அதிர்வையே ஒலியாக்குகிறது, அந்த ஒரு டியூபை மாற்றினால் போதும், விலையைக் குறைக்க நல்ல காரணம். அப்புறம் வால்யூமை உயர்த்தி, தடித்த ஈ கம்பியையும் ஏ கம்பியையும் அடித்துப் பெட்டி எங்காவது கடகடக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, கிட்டார் வால்யூமைப் பத்திலிருந்து நான்குக்கு இறக்குங்கள். ஒலி வெறுமனே சின்னதாகாமல் தெளிந்து வந்தால் அது நல்ல ஆம்ப். இதெல்லாம் முடிந்தாலும் உடனே எழுந்துவிடாதீர்கள், இருபது நிமிஷமாவது ஓடட்டும், சூடேறிய பிறகுதான் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு.

மெதுவாக வாசிக்கும்போது எந்த ஆம்பும் ஒல்லியாகத்தான் கேட்கும், இதற்காக ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள். சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் குறைவாகக் கேட்கும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆம்பைத் திறந்து உள்ளே கை வைக்கவேண்டாம். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும் அளவுக்கு. வெளியிலிருந்து டியூப் மாற்றுவது மட்டும்தான் நம் வேலை, அதுவும் அணைத்து, ஆறவிட்டு.

அந்த வேலையில் மலிவான வித்தை ஒன்று உண்டு. ஆம்பின் ஒலி வீட்டில் சீக்கிரம் உடைகிறது, இன்னும் கொஞ்சம் சுத்தமாக வேண்டும் என்றால் முதல் ப்ரீஆம்ப் டியூபான 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 12ஏஒய்7 போட்டுப் பாருங்கள். முதலாவதன் பெருக்கம் 100, இரண்டாவதற்கு அதில் பாதிக்கும் குறைவு. ஃபெண்டரின் 1950-கள் காலத்து ட்வீட் ஆம்ப்கள் பலவற்றில் அந்த இடத்தில் இருந்தது 12ஏஒய்7தான். குமிழ் திரும்பும் தூரம் அதிகமாகும், ஒலி கொஞ்சம் மெத்தென்று ஆகும், பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்பச் செருகிவிடலாம். கழற்றிய 12ஏஎக்ஸ்7-ஐத் தூக்கிப் போடாமல் சரியான ஃப்யூஸ் இரண்டோடு சேர்த்து கிட்டார் பெட்டியில் வையுங்கள், ப்ரீஆம்ப் டியூப் ஒன்று என்றைக்காவது திடீரென்று போனால் அன்றைய வாசிப்பு நிற்காது.